ஆன்டிஎக்ஸ் 23: பிரிண்டர் டிரைவர் நிறுவும்போது டிபென்டன்சி பிழை, "கோப்பு இல்லை" பிழை

திருவல்லிக்கேணி நகலகம்:
எல்லாருக்கும் வணக்கம். கணினி: அரசு இலவச லேப்டாப், 2 ஜிபி ரேம், 320 ஜிபி டிஸ்க். சிஸ்டம்: ஆன்டிஎக்ஸ் 23 (பழைய கணினிகளுக்கான லினக்ஸ்), 64-பிட், சிஸ்வி இனிட் (சேவைகளைத் தொடங்கிவைக்கும் நிரல்) பதிப்பு. பழைய லேசர் பிரிண்டருக்குக் கம்பெனி கொடுத்த இரண்டு டெப் கோப்புகள் (நிறுவல் பொதிகள்): ஒன்று பொது நூலகம், இன்னொன்று டிரைவர். 'சூடோ டிபிகேஜி -ஐ' போட்டதும் வந்த டிபென்டன்சி பிழை (ஒரு பொதி ஓட இன்னொரு பொதி தேவை என்பது): லிப்க்யூடி5விட்ஜெட்ஸ்5 தேவை, ஆனால் நிறுவப்படவில்லை. 'ஏப்ட் இன்ஸ்டால்' போட்டால் அப்படி ஒரு பொதியே இல்லை என்கிறது. ஒரு வீடியோவில் சொன்னபடி உபுண்டு நோபிள் ரெப்போவை (பொதிக் களஞ்சியம்) சோர்ஸ் பட்டியலில் சேர்த்தேன். சாவி சரிபார்க்க முடியவில்லை என்றதால் அதே வீடியோ சொன்ன 'டிரஸ்டட்=எஸ்' என்பதையும் சேர்த்தேன். இப்போது எதை நிறுவப் போனாலும் லிப்சி6-ஐ (சிஸ்டத்தின் அடிப்படை நூலகம்) 2.39-க்கு உயர்த்தவா என்று கேட்கிறது. 'என்' அடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்து என்ன செய்வது?

கூவம்கரை:
'என்' அடித்தீர்களே, அதுதான் இந்த லேப்டாப்பைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போதைக்கு எதையும் நிறுவ வேண்டாம், எதையும் நீக்கவும் வேண்டாம்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கோடு, புள்ளி, எண் எல்லாம் இருக்கிறபடியே. கீழே உள்ள நான்கின் வெளியீட்டையும் அப்படியே ஒட்டுங்கள். சுருக்கிச் சொல்ல வேண்டாம். பிழைச் செய்தியில் மூன்றாவது வரியில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

'டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர்'
'டிபிகேஜி --பிரிண்ட்-ஃபாரின்-ஆர்க்கிடெக்சர்ஸ்'
'ஏப்ட்-கேஷ் பாலிசி லிப்சி6 லிப்க்யூடி5விட்ஜெட்ஸ்5'
'டிபிகேஜி -எல் | கிரெப் -வி ^ஐஐ'

சிஸ்டம் மொழியைத் தமிழில் வைத்திருந்தால் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் 'எல்சி_ஆல்=சி' சேருங்கள். செய்தி ஆங்கிலத்தில் வந்தால்தான் தேடிப் பார்க்க முடியும்.

வேளச்சேரி ரயில்:
ப்ரோ, ஏன் இவ்வளவு சுற்று? உபுண்டுவும் டெபியன் குடும்பம்தானே. உபுண்டு பொதிப் பக்கத்திலிருந்து அந்த லிப்க்யூடி5 டெப்பை மட்டும் இறக்கி 'டிபிகேஜி --ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ் -ஐ' போட்டால் முடிந்தது. லுபுண்டுவில் பலமுறை போயிருக்கிறது.

நூல்கண்டு:
லுபுண்டுவில் போகும். அது உபுண்டுவேதான், அதனால் உபுண்டு டெப் அங்கே சொந்த வீட்டுப் பொருள். ஆன்டிஎக்ஸ் 23 நிற்பது டெபியன் 12-இன் மேல். குடும்பம் ஒன்றானாலும் உலை வேறு. இலவச லேப்டாப்பில் முதலில் இருந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான்; அதற்காக அதன் பொதியை எடுத்து இங்கே போட முடியாது.

இரண்டு காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ஜிலிப்சி. லிப்சி6 பொதியில் இருப்பது இதுதான். டெபியன் 11-இல் 2.31, டெபியன் 12-இல் 2.36, டெபியன் 13-இல் 2.41. உபுண்டு பக்கம் 20.04-இல் 2.31, 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39. பழைய ஜிலிப்சியில் கட்டிய நிரல் புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. நோபிள் என்பது 24.04. அதிலிருந்து எந்த நூலகத்தை இழுத்தாலும் அது 2.39-ஐக் கேட்க வாய்ப்பு அதிகம். ஏப்ட் உங்களிடம் லிப்சி6-ஐ உயர்த்தவா என்று கேட்டது அதனால்தான். சரி என்று சொல்லியிருந்தால் திரும்பி வர நல்ல வழி கிடையாது. சிஸ்டத்தில் உள்ள ஏறக்குறைய எல்லா நிரலும் லிப்சி6 மேல் நிற்கிறது, அதைக் கீழிறக்குவது ஓடும் வண்டியில் அச்சைக் கழற்றுவது போல.

இரண்டு, பெயர். உபுண்டு 24.04-இல் பல நூலகங்களுக்கு டி64 என்ற வால் முளைத்திருக்கிறது: லிப்எஸ்எஸ்எல்3டி64, லிப்அசவுண்ட்2டி64, லிப்க்யூடி5விட்ஜெட்ஸ்5டி64. 32-பிட் நேர எண் 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும் என்பதால் நேரத்தை 64-பிட்டுக்கு மாற்றினார்கள். மாறிய நூலகம் பழையதோடு குழம்பிவிடக் கூடாது என்று பெயரையும் மாற்றினார்கள். டெபியன் 13-இலும் இதே வால் உண்டு. டெபியன் 12-இல் இல்லை. ஆக டெபியன் 12-இல் வால் வைத்த பெயர் ஒன்று கண்ணில் பட்டால், வேறு வெளியீடு உள்ளே நுழைந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

'--ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்' டிபென்டன்சியைத் தீர்ப்பதில்லை. கேள்வி கேட்பதை நிறுத்தச் சொல்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு ஏப்ட் ஒவ்வொரு முறையும் உடைந்த பொதி இருக்கிறது என்று நின்றுவிடும்.

திருவல்லிக்கேணி நகலகம்:
நன்றி அக்கா. வெளியீடுகள்:
ஆர்க்கிடெக்சர்: ஏஎம்டி64. ஃபாரின்: ஒன்றும் வரவில்லை.
லிப்சி6: நிறுவியது 2.36, கேண்டிடேட் (அடுத்து நிறுவ இருப்பது) 2.39 (நோபிள்).
லிப்க்யூடி5விட்ஜெட்ஸ்5: நிறுவியது இல்லை, 5.15.8 டெபியன் புக்வார்ம் (டெபியன் 12) பட்டியலில் காட்டுகிறது.
கடைசிக் கட்டளையில் டிரைவர் பொதிக்கு முன்னால் 'ஐயூ' என்று இருக்கிறது. பொது நூலகப் பொதி சரியாக இருக்கிறது.

கூவம்கரை:
இதில் எல்லாம் தெரிந்துவிட்டது. லிப்க்யூடி5விட்ஜெட்ஸ்5 டெபியன் 12-லேயே இருக்கிறது. முதலில் கிடைக்காததற்குக் காரணம், புதிதாக நிறுவியதும் 'ஏப்ட் அப்டேட்' போடாததாக இருக்க வேண்டும். ரெப்போவில் என்ன இருக்கிறது என்ற பட்டியலே கணினியில் இல்லாவிட்டால் எந்தப் பெயரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லும். நோபிளைச் சேர்த்தபோது அப்டேட் போட்டீர்கள், அதில் டெபியன் பட்டியலும் கூடவே வந்துவிட்டது.

'ஐயூ' என்றால் கோப்புகள் விரிக்கப்பட்டுவிட்டன, ஆனால் அமைப்பு முடியவில்லை. 'டிபிகேஜி -ஐ' தானாகப் போய் எதையும் இறக்காது, இல்லை என்று சொல்லி அரைகுறையாக விட்டுவிடும்.

இப்போது வரிசையாக:

முதலில் நோபிள் வரியை அகற்றுங்கள். அது '/இடிசி/ஏப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்' கோப்பிலோ, 'சோர்சஸ்.லிஸ்ட்.டி' அடைவில் ஒரு கோப்பிலோ இருக்கும். 'கிரெப் -ஆர் நோபிள் /இடிசி/ஏப்ட்/' போட்டால் இடம் தெரியும். அந்த 'டிரஸ்டட்=எஸ்' வரியை முன்னால் # போட்டுக் கருத்தாக்கிக்கூட வைக்க வேண்டாம், அழித்துவிடுங்கள். அந்த ரெப்போ தரும் எந்தப் பொதியையும் கையொப்பம் பார்க்காமல் ரூட் உரிமையில் நிறுவு என்பது அதன் பொருள். சாவி இல்லை என்று ஏப்ட் மறுப்பதை எரிச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது உன் சிஸ்டத்துக்கு உரியதல்ல என்று அது சொல்லும் முதல் எச்சரிக்கை அதுதான்.

பிறகு 'சூடோ ஏப்ட் அப்டேட்'. அடுத்து நோபிளிலிருந்து ஏதாவது ஏற்கெனவே உள்ளே வந்திருக்கிறதா என்று பார்க்க 'டிபிகேஜி -எல் | கிரெப் உபுண்டு'. பதிப்பு எண்ணில் உபுண்டு என்று வரும் ஒவ்வொரு பொதியும் சந்தேகத்துக்கு உரியது. 'ஏப்ட் லிஸ்ட் "~ஓ"' போட்டால் எந்த ரெப்போவிலும் இல்லாத பொதிகள் வரும். அதில் உங்கள் இரண்டு பிரிண்டர் டெப்பும் வருவது இயல்பு, வேறு ஏதாவது வந்தால் இங்கே எழுதுங்கள்.

சுத்தமாக இருந்தால் 'சூடோ ஏப்ட் -எஸ் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. இந்த '-எஸ்' ஒத்திகைதான், எதையும் மாற்றாது. 'நீக்கப்படும்' பட்டியலைப் படியுங்கள். உங்கள் டிரைவர் அதில் இருந்தால் நிறுத்துங்கள்: தேவையானது கிடைக்காதபோது கேட்ட பொதியையே தூக்கிவிடுவதும் ஏப்ட் பார்வையில் ஒரு தீர்வு. க்யூடி நூலகங்கள் 'நிறுவப்படும்' பட்டியலில் மட்டும் இருந்தால் '-எஸ்' இல்லாமல் ஓட்டுங்கள்.

இனிமேல் டெப் கோப்பு கையில் இருந்தால் 'சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ./பொது.டெப் ./டிரைவர்.டெப்' என்று இரண்டையும் ஒரே வரியில் கொடுங்கள். அந்தப் புள்ளியும் சாய்கோடும் கட்டாயம், இல்லாவிட்டால் ரெப்போவில் அந்தப் பெயரைத் தேடும். இறுதியில் '_ஏப்ட்' பயனரால் கோப்பை அணுக முடியவில்லை என்று ஒரு வரி வரலாம். அது பிழை அல்ல, அறிவிப்பு மட்டும். கோப்பை '/டிஎம்பி'-யில் வைத்தால் அதுவும் வராது.

பழைய மடிக்கணினி:
இடையில் ஒரு விஷயம். அப்டேட்டின்போது ரிலீஸ் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வந்தால் நெட்டையோ ரெப்போவையோ சந்தேகப்பட வேண்டாம், 'டேட்' அடித்துப் பாருங்கள். பழைய லேப்டாப்களில் சிமாஸ் பேட்டரி செத்துக் கிடக்கும். மெயின் பேட்டரியும் தீர்ந்து கரன்ட் போனால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். ரெப்போவின் தேதி எதிர்காலத்தில் இருப்பதாகக் கணினி நினைக்கும், பட்டியல் வராது, பட்டியல் வராததால் டிபென்டன்சி கிடைக்காது. 'சூடோ டேட் -எஸ்' கொண்டு நேரத்தைச் சரிசெய்து, 'சூடோ எச்டபிள்யூக்ளாக் -டபிள்யூ' போடுங்கள். பேட்டரி ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். பழையதைக் கழற்றி கையில் கொண்டு போங்கள், சில லேப்டாப்களில் வயரும் கனெக்டரும் சேர்ந்த வகை.

கரன்ட் கட் இன்னொரு வேலையும் செய்யும். நிறுவிக்கொண்டிருக்கும்போது போனால் அடுத்த முறை 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ஓட்டச் சொல்லும். அதை ஓட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். லாக் (பூட்டு) கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்க வேண்டாம். 'சூடோ எல்எஸ்ஓஎஃப் /வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃப்ரன்ட்எண்ட்' போட்டு யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சினாப்டிக் (பொதி நிறுவும் செயலி) ஜன்னல் எங்காவது திறந்து கிடக்கும்.

திருவல்லிக்கேணி நகலகம்:
நோபிள் போய்விட்டது. உபுண்டு பொதி ஒன்றும் வரவில்லை. க்யூடி நிறுவப்பட்டு டிரைவரும் 'ஐஐ' (முழுதாக நிறுவியது) ஆகிவிட்டது. ஆனால் டிரைவரின் டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) தொடங்கினால் 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை' என்கிறது. 'எல்எஸ்' போட்டால் '/யுஎஸ்ஆர்/எஸ்பின்'-இல் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது. 'எல்டிடி' போட்டால் 'டைனமிக் எக்சிக்யூட்டபிள் அல்ல' என்கிறது. 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையும் இல்லை. இன்னும் எந்த டிபென்டன்சி விட்டுப்போனது?

நூல்கண்டு:
இந்த இரண்டு செய்தியும் சேர்ந்து வந்தால் விடை ஏறக்குறைய ஒன்றுதான்: அந்த டீமன் 32-பிட். டெப்பின் மேல் ஏஎம்டி64 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் சில நிரல்களைக் கம்பெனி 64-பிட்டுக்கு மாற்றிக் கட்டாமல் அப்படியே வைத்துவிடுவது உண்டு. 'ஃபைல்' கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். 'இஎல்எஃப் 32-பிட்' என்றும், இன்டர்பிரெட்டர் '/லிப்/எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2' என்றும் வரும்.

இல்லை என்று சொல்லப்படுவது உங்கள் டீமன் அல்ல, அதை ஏற்றிவிட வேண்டிய அந்த எல்டி-லினக்ஸ் ஏற்றி. கர்னல் எந்தக் கோப்பு இல்லை என்று சொல்லாமல் பொதுவாகச் சொல்வதால் எல்லாரும் டீமனையே திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பார்கள். 'எல்டிடி'-யும் அதே ஏற்றி இல்லாததால்தான் டைனமிக் அல்ல என்கிறது. டெப்பின் டிபென்டன்சி பட்டியலில் கம்பெனி 32-பிட் நூலகங்களை எழுதவில்லை. எழுதாத ஒன்றை ஏப்ட் எப்படித் தேடும்? அதனால்தான் 'ஐஐ' என்று எல்லாம் நலமாகக் காட்டுகிறது.

'சூடோ டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386'
'சூடோ ஏப்ட் அப்டேட்'
'சூடோ ஏப்ட் இன்ஸ்டால் --நோ-இன்ஸ்டால்-ரெக்கமண்ட்ஸ் லிப்சி6:ஐ386'

நடுவில் உள்ள அப்டேட்டைத் தவறவிடாதீர்கள், ஐ386-க்கு (32-பிட்) தனிப் பட்டியல் இறங்க வேண்டும். 64-பிட் லிப்சி6-உம் 32-பிட் லிப்சி6-உம் பதிப்பில் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே 64-பிட் லிப்சி6-ஐயும் கூடவே டெபியன் 12-இன் புதிய திருத்தத்துக்கு உயர்த்தக் கேட்கலாம், அதற்குச் சரி சொல்லுங்கள். அங்கே நின்றுவிட்டால் 'ஏப்ட்-மார்க் ஷோஹோல்ட்' போட்டு லிப்சி6 பிடித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அன்று நோபிளின் 2.39 உள்ளே போயிருந்தால் டெபியனின் 2.36 ஐ386 அதோடு சேரவே சேராது.

இது முடிந்ததும் 'எல்டிடி' மறுபடி ஓட்டுங்கள். இப்போது உண்மையான பட்டியல் வரும். 'நாட் ஃபவுண்ட்' வரிகளை மட்டும் ஒட்டுங்கள்.

திருவல்லிக்கேணி நகலகம்:
மூன்று வரி: லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6, லிப்பாப்ட்.எஸ்ஓ.0, லிப்எக்ஸ்எம்எல்2.எஸ்ஓ.2. மூன்றும் நாட் ஃபவுண்ட். ஆனால் லிப்எக்ஸ்எம்எல்2 ஏற்கெனவே நிறுவியிருக்கிறதே?

நூல்கண்டு:
நிறுவியிருப்பது 64-பிட். 32-பிட் நிரலுக்கு அது கண்ணுக்கே தெரியாது.

'சூடோ ஏப்ட் இன்ஸ்டால் --நோ-இன்ஸ்டால்-ரெக்கமண்ட்ஸ் லிப்எஸ்டிடிசி++6:ஐ386 லிப்பாப்ட்0:ஐ386 லிப்எக்ஸ்எம்எல்2:ஐ386'

எஸ்ஓ கோப்புப் பெயரிலிருந்து பொதிப் பெயரைக் கண்டுபிடிக்க 'ஏப்ட்-ஃபைல்' நிறுவி, 'சூடோ ஏப்ட்-ஃபைல் அப்டேட்', பிறகு 'ஏப்ட்-ஃபைல் சர்ச் லிப்பாப்ட்.எஸ்ஓ.0'. மொபைல் டேட்டாவில் இருந்தால் அந்த அட்டவணை கனமாக இறங்கும். டெபியன் பொதிப் பக்கத்தில் 'பொதியின் உள்ளடக்கம்' தேடலில் வெளியீட்டைப் புக்வார்ம் என்று வைத்துத் தேடினால் போதும்.

டீமனோடு விட்டுவிடாமல், கப்ஸ் (லினக்ஸின் அச்சு அமைப்பு) பயன்படுத்தும் '/யுஎஸ்ஆர்/லிப்/கப்ஸ்/ஃபில்டர்' அடைவில் இந்த டிரைவர் வைத்திருக்கும் ஃபில்டர் கோப்புகளையும் 'எல்டிடி' போட்டுப் பாருங்கள். அதில் ஒன்று குறைந்தால் டீமன் நன்றாக ஓடும், அச்சு மட்டும் 'ஃபில்டர் ஃபெயில்ட்' என்று நிற்கும். அப்படி வந்தால் 'கப்ஸ்சிடிஎல் --டீபக்-லாகிங்' போட்டு ஒரு பக்கம் அனுப்பி '/வார்/லாக்/கப்ஸ்/எரர்_லாக்' படியுங்கள்.

'எல்டிடி' எல்லாவற்றையும் காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும். ஓடும்போது பாதி வழியில் தானே திறந்துகொள்ளும் நூலகங்கள் அதில் வராது. அவற்றுக்கு 'எஸ்ட்ரேஸ் -எஃப் -இ டிரேஸ்=ஓபன்அட்' என்று நிரலை ஓட்டி, 'இஎன்ஓஇஎன்டி' என்று முடியும் கடைசிச் சில வரிகளைப் பாருங்கள். நடுவில் வரும் 'இஎன்ஓஇஎன்டி' பெரும்பாலும் ஒரே நூலகத்தைப் பல அடைவில் தேடுவது. ஓரிடத்தில் கிடைத்திருந்தால் விட்டுவிடலாம்.

கூவம்கரை:
'சிஸ்டம்சிடிஎல்' இல்லாதது டிபென்டன்சி குறை அல்ல. அது சிஸ்டம்டி என்ற வேறு இனிட்டின் கட்டளை; ஆன்டிஎக்ஸ் சிஸ்டம்டி இல்லாமல் கட்டப்பட்டது. அதைக் கொண்டுவர முயல வேண்டாம். ஏதாவது பொதியை நிறுவும்போது சிஸ்டம்டி-ஐ நிறுவவா, இனிட் பொதிகளை நீக்கவா என்று ஏப்ட் கேட்டால் 'என்' அடியுங்கள்.

டிரைவர் பழையது என்பதால் '/இடிசி/இனிட்.டி' அடைவில் அதன் ஸ்கிரிப்ட் இருக்கும். 'சூடோ சர்வீஸ் டீமன்பெயர் ஸ்டார்ட்' போதும். பூட்டில் தானாக வர 'சூடோ அப்டேட்-ஆர்சி.டி டீமன்பெயர் டிஃபால்ட்ஸ்'. எல்எஸ்பி குறிப்புகள் (தொடங்கும் வரிசையைச் சொல்பவை) இல்லை என்று எச்சரித்தால் ஸ்கிரிப்டின் தலையில் 'பிகின் இனிட் இன்ஃபோ' தொகுதியைச் சேர்த்து, 'ரிக்வயர்ட்-ஸ்டார்ட்' வரியில் 'கப்ஸ்' என்று எழுதுங்கள். கப்ஸுக்கு முன்னால் டீமன் எழுந்தால் அச்சு வரிசை காணாமல் நிற்கும்.

பழைய மடிக்கணினி:
இழை போகும் திசையிலேயே ஒரு கேள்வி. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருள் லிப்எஸ்எஸ்எல்1.1 (ஓபன்எஸ்எஸ்எல் குறியாக்க நூலகத்தின் பழைய பதிப்பு) கேட்கிறது. டெபியன் 12-இல் லிப்எஸ்எஸ்எல்3 மட்டும்தான். 'எஸ்ஓ.3'-க்கு 'எஸ்ஓ.1.1' என்று சிம்லிங்க் (வேறு பெயரில் சுட்டும் இணைப்பு) போட்டால் 'ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0 கிடைக்கவில்லை' என்று வருகிறது.

நூல்கண்டு:
வரத்தான் செய்யும். எஸ்ஓ-வுக்குப் பின்னால் உள்ள எண் வெறும் பதிப்பு எண் அல்ல. அந்த நூலகம் எந்த முறையில் பேசும் என்ற ஒப்பந்தம். பெயர்ப்பலகையை மாற்றினால் உள்ளே இருப்பவர் மாறமாட்டார். அந்த சிம்லிங்க்கை முதலில் அழியுங்கள், பின்னால் சரியான பொதி வந்தாலும் அது குறுக்கே நிற்கும்.

முதலில் மென்பொருளின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டெபியன் 11-இன் பாதுகாப்புக் களஞ்சியத்திலிருந்து லிப்எஸ்எஸ்எல்1.1 டெப் ஒன்றை மட்டும் இறக்கி 'ஏப்ட் இன்ஸ்டால் ./' வழியில் நிறுவலாம். அது லிப்எஸ்எஸ்எல்3-ஐத் தொடாது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ரெப்போவைச் சேர்க்க வேண்டாம்.

வேளச்சேரி ரயில்:
அக்கா, இதைத்தானே நானும் சொன்னேன்? வேறு வெளியீட்டிலிருந்து ஒரு டெப்.

நூல்கண்டு:
நியாயமான கேள்வி. இரண்டு வேறுபாடு உண்டு. இது பழைய வெளியீட்டிலிருந்து வருகிறது, அதன் ஜிலிப்சி தேவை 2.31-க்குள் அடங்கும், நம்மிடம் 2.36 இருக்கிறது. நீங்கள் சொன்னது புதியதிலிருந்து. அடுத்தது, இதில் எதையும் கட்டாயப்படுத்தவில்லை; டிபென்டன்சி சரியாகப் பொருந்தினால்தான் ஏப்ட் நிறுவும். ஆனாலும் இதை மகிழ்ச்சியோடு சொல்லவில்லை. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு அதை உருவாக்குபவர்களின் பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஓடு முடிந்தது. டெபியன் 11-க்கு நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்ட் 31 வரை. தனியாக இறக்கிய டெப்புக்குத் திருத்தம் தானாக வராது, நீங்களே பார்த்து மாற்ற வேண்டும். டோக்கன் வேலை முடிந்ததும் நீக்கிவிடுவது நல்லது.

டோக்கனுக்கு 'பிசிஎஸ்சிடி' (ஸ்மார்ட் கார்டு டீமன்) பொதியும் ஓட வேண்டும். 'பிசிஎஸ்சி-டூல்ஸ்' நிறுவி 'பிசிஎஸ்சி_ஸ்கேன்' ஓட்டி, அது டோக்கனைப் பார்க்கிறதா என்று உறுதிசெய்த பிறகு மென்பொருளை நோண்டுங்கள்.

வேளச்சேரி ரயில்:
புரிந்தது. 'ஜிலிப்சி_2.38 கிடைக்கவில்லை' என்று வரும் நிரலுக்கு என்ன வழி? ஆப்இமேஜ் (ஒரே கோப்பாக வரும் நிரல்) எடுத்தால்?

கூவம்கரை:
ஆப்இமேஜ் வழக்கமாக ஜிலிப்சியைத் தன்னோடு சுமந்து வராது. புதிய சிஸ்டத்தில் கட்டியதென்றால் அதே பிழை வரும். அதே நிரலின் ஓரிரு வருடம் பழைய வெளியீட்டை எடுங்கள், அல்லது புக்வார்ம் பேக்போர்ட்ஸில் (டெபியன் 12-க்காக மறுபடி கட்டிய புதிய பொதிகள்) பாருங்கள். ஃபிளாட்பேக் தன் நூலகங்களைத் தானே கொண்டுவரும், தீர்வு உறுதி. ஆனால் ஒரு நிரலுக்காக நூற்றுக்கணக்கான எம்பி ரன்டைம் இறங்கும். 2 ஜிபி ரேம் கணினியில் அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

பப்பி, ஆன்டிஎக்ஸ் லைவ் என்று பென்டிரைவில் ஓட்டுபவர்களுக்கு: நேற்று நிறுவிய நூலகம் இன்று காணோம் என்றால் டிபென்டன்சியைத் தேடாதீர்கள். பெர்சிஸ்டன்ஸ் (மாற்றங்களைச் சேமிக்கும் வசதி) இயக்கப்படவில்லை, அல்லது சேமிப்புக் கோப்பு நிரம்பிவிட்டது. 'டிஎஃப் -எச்' போட்டால் தெரிந்துவிடும்.

திருவல்லிக்கேணி நகலகம்:
ஃபில்டர்களும் பார்த்துவிட்டேன், நாட் ஃபவுண்ட் எதுவும் இல்லை. டீமன் ஓடுகிறது, சோதனைப் பக்கம் வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. ஆனால் பிரிண்டரை அணைத்துப் போட்டால் மறுபடி நிற்கிறது. முதலில் '/டெவ்/யுஎஸ்பி/எல்பி0' இருந்தது, இப்போது எல்பி1 என்று இருக்கிறது. கப்ஸில் இரண்டு பிரிண்டர் தெரிகிறது.

கூவம்கரை:
இரண்டு பிரிண்டரில் ஒன்று கப்ஸ் தானாகச் சேர்த்த யுஎஸ்பி வரிசை. அதை நீக்குங்கள். கப்ஸின் யுஎஸ்பி வழி அச்சிடும்போது யுஎஸ்பிஎல்பி கர்னல் மாட்யூலை அந்தப் பிரிண்டரிலிருந்து கழற்றிவிடும். உங்கள் டிரைவருக்கோ அந்த மாட்யூல் தரும் எல்பி0 கோப்புதான் வழி. இரண்டும் ஒரே பிரிண்டருக்கு அடித்துக்கொள்ளும். 'எல்எஸ்மாட் | கிரெப் யுஎஸ்பிஎல்பி' வெறுமையாக வந்தால் 'சூடோ மாட்ப்ரோப் யுஎஸ்பிஎல்பி'.

எண் மாறுவதற்கு யூடெவ் (சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் பகுதி) விதி ஒன்று எழுதினால் போதும். 'எல்எஸ்யுஎஸ்பி' போட்டுப் பிரிண்டரின் வெண்டர் எண், புராடக்ட் எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். '/இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி' அடைவில் 99 என்று தொடங்கும் விதிக் கோப்பில் அந்த இரண்டு எண்ணுக்கும் ஒரு நிலையான சிம்லிங்க் பெயர் கொடுங்கள். டிரைவரின் அமைப்பில் எல்பி0-க்குப் பதில் அந்தப் பெயரை எழுதி, 'சூடோ யூடெவ்ஏடிஎம் கன்ட்ரோல் --ரீலோட்', பிறகு பிரிண்டரை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

நூல்கண்டு:
இன்னொன்று, பின்னால் 'ஏப்ட் ஆட்டோரிமூவ்' ஓட்டும்போது பயம் வேண்டாம். அந்த ஐ386 நூலகங்களைப் பெயர் சொல்லி நிறுவியதால் ஏப்ட் அவற்றைக் கைமுறை என்று குறித்து வைத்திருக்கும், தொடாது. 'ஏப்ட்-மார்க் ஷோமேனுவல் | கிரெப் ஐ386' போட்டு நான்கும் வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் 'சூடோ ஏப்ட்-மார்க் மேனுவல்' என்று அதன் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.